மத்தியானம் எழுபத்தொரு டிகிரி

என் மாமாவைத் திருடன் என்று நான் சொல்லவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் என் அக்கா இன்றைக்கும், "கட்டினவரைத் திருடன்னு சொன்னவன் என் கூடப் பொறந்தவன்" என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் சொன்ன வார்த்தை வேறு. ஆனால் சொன்ன இடம், சொன்ன தொனி, சொல்லும்போது என் விரல் நீண்டிருந்த பக்கம், எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் அக்கா சொல்வதில் பெரிய தப்பும் இல்லை.

நான் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவன். கடைத்தெருவில் என் சொந்தப் பெயரைக் கேட்டால் விழிப்பார்கள். 'நாற்பத்திரண்டு' என்று கேட்டால் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து கடையில் விடுவார்கள். என் கை பட்ட மெஷின் சும்மா இருக்கும்போது நாற்பத்திரண்டு டிகிரியைத் தாண்டாது என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் பீற்றிப் பீற்றி நானே சம்பாதித்த பெயர் அது. கேலியாகத்தான் கூப்பிட்டார்கள். எனக்கு அதில் உள்ளூர ஒரு கிறக்கம்.

ஆபீஸ்களில் இருக்கிற சின்னப் பெட்டிகளில் படம் காட்டுவதற்கென்று தனிச் சில்லு கிடையாது. அது மூளைச் சில்லுக்குள்ளேயே ஒரு மூலையில் ஒண்டுக்குடித்தனம் இருக்கும். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஃபேன்தான். யாராவது விளையாட்டோ வீடியோவோ ஓட்டினால் அந்த மூலை கொதிக்கும், பக்கத்துக் குடித்தனமும் சேர்ந்து வேகும், மெஷின் தானாக நடையைக் குறைத்துக்கொள்ளும். யாரும் தொடாமல் விட்டால் பத்து நிமிஷத்தில் ஆறிவிடும். ஆறவில்லையென்றால் உள்ளே ஏதோ ஓடுகிறது என்று அர்த்தம். இது என் தொழிலின் அரிச்சுவடி. அந்த அரிச்சுவடியில்தான் நான் கோட்டை விட்டேன்.

மாமா, அதாவது அக்காவின் வீட்டுக்காரர், இரண்டு வருஷமாக வேலையில்லாமல் வீட்டில் இருந்தார். முன்பு பார்சல் பதிவு செய்யும் ஆபீஸ் ஒன்றில் இருந்தார். அங்கே வேலை நேரத்தில் கம்ப்யூட்டரில் சீட்டாடிக்கொண்டிருந்ததை முதலாளி பின்னாலேயே நின்று பார்த்துவிட்டார். அன்றைக்கே சீட்டுக் கிழிந்தது. அதற்கப்புறம் எங்கே போனாலும் அந்தக் கதை அவருக்கு முன்னால் போய் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது. அக்கா ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவள் வேலைக்குக் கிளம்பும்போது மாமா வாசல்வரை வந்து குடையை எடுத்துக் கொடுப்பார். அதைப் பார்க்கிறபோதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும், ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

"எங்கயாவது சொல்லிப் பாருடா. மனுஷன் சுவத்தைப் பார்த்துக்கிட்டே தேஞ்சு போயிடுவாரு" என்றாள் அக்கா.

நான் மெஷின் பார்த்துக்கொள்கிற ரத்தப் பரிசோதனைக்கூடம் ஒன்றில் சொன்னேன். டாக்டரம்மாவுக்கு ரிப்போர்ட் அடிக்க ஆள் தேவைப்பட்டது. "உங்க பொறுப்புன்னா எடுத்துக்கறேன் தம்பி. ரெண்டு மாசம் பார்ப்போம், சரியா இருந்தா நிரந்தரம் பண்ணிடலாம்" என்றார்.

உங்கள் பொறுப்பு. அந்த இரண்டு வார்த்தை என்னோடு கடைவரைக்கும் கூடவே வந்தது. மாமா மறுபடி சீட்டாடினால் கெடப்போவது என் பெயர் அல்லவா? அவர் சேர்ந்த மூன்றாம் நாளே, மெஷினைத் துடைக்கிற சாக்கில் போய், அவருக்குத் தெரியாமல் அதில் ஒரு காவல்காரனை ஏற்றிவிட்டு வந்தேன்.

மற்றவர்கள் திரையில் என்ன செய்கிறார்கள் என்று ஒளிந்திருந்து பார்க்கிற நிரல்கள் உண்டு. அது அசிங்கம், நான் அந்த அளவுக்கு இறங்கவில்லை என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன். நான் ஏற்றியது வெறும் சூட்டை மட்டும் குறித்து வைக்கிற நிரல். இலவசமாகக் கிடைத்தது. அதற்கு ஒரு ஆடம்பரம் உண்டு: திரை முழுக்கக் கண்ணாடி மாதிரி ஒரு விரிப்பை விரித்து, அதன் மேல் சூட்டின் எண்ணையும் கோட்டையும் ஓடவிடும். மாமா கண்ணில் பட்டால் காரியம் கெட்டது. அதனால் எண், கோடு எல்லாவற்றையும் கண்ணுக்குத் தெரியாதபடி அழித்துவிட்டேன். விரிப்பு மட்டும் மிச்சம் இருந்தது. அதற்கு மேல் நான் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்துக் குறிப்பை எடுத்துப் பார்த்தேன். மத்தியானம் ஒன்று முதல் ஒன்றரை வரை சாப்பாட்டு நேரம். ஒருத்தரும் மெஷினைத் தொடக்கூடாத நேரம். எழுபத்தொரு டிகிரி! அடுத்த நாளும் எழுபத்தொன்று. அதற்கடுத்த நாள் எழுபது. மற்ற மூன்று மெஷின்களை நின்றபடியே சோதித்தேன்: நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு, நாற்பது.

குறிப்பில் இன்னொன்றும் இருந்தது. காலையில் மெஷினைப் போட்ட ஐந்தாவது நிமிஷத்திலிருந்தே, மாமா வந்து பையைக் கூட இறக்கி வைக்காத நேரத்திலேயே சூடு அறுபதைத் தாண்டியிருந்தது. தொழில் தெரிந்தவன் அங்கேயே நின்றிருப்பான். நான் நிற்கவில்லை. எனக்கு வேண்டியது மத்தியானம் மட்டும்தான். நாய் வாலை நிமிர்த்த முடியுமா, ஆரம்பித்துவிட்டார் மனுஷன் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே நுழைந்தேன். மாமா சாப்பாட்டு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சட்டை முதுகில் ஒட்டும் அளவுக்கு வேர்வை. மேஜை ஃபேன் அவர் பக்கம் இல்லை. மெஷினின் முதுகுப் பக்கம் திரும்பி ஓடிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் திடுக்கிட்டு ஃபேனைத் தன் பக்கம் திருப்பினார்.

"என்ன மாமா?"

"ஒண்ணுமில்ல மாப்பிள்ளை. சும்மா, காத்துக்கு."

திரையில் பாதி அடித்த ரிப்போர்ட் இருந்தது. ஒரு தட்டு தட்டி ஆட்டத்தை மறைக்க எத்தனை நேரம் ஆகும்? கள்ளத்தனம் பண்ணிவிட்டு மெஷினை ஆற வேறு வைக்கிறாரே என்று எனக்கு உச்சந்தலை சுட்டது. ஆனாலும் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கே, அங்கேயே, இரண்டு பேர் மட்டும் இருந்தபோது கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

நாலு நாள் கழித்து ஒரு காலை வேளை. முன்னறையில் ரிப்போர்ட்டுக்காகப் பத்துப் பன்னிரண்டு பேர் பெஞ்சில் காத்திருந்தார்கள். மாமாவின் மெஷின் ஆமை மாதிரி நகர்ந்துகொண்டிருந்தது. ஒரு கிழவர் சத்தம் போட ஆரம்பித்தார். டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு, அத்தனை பேர் முன்னால் கேட்டார்:

"தம்பி, நாலு மெஷின்ல இது ஒண்ணு மட்டும் ஏன் இப்படி? நீங்க பார்த்துக்கறதுன்னுதானே பேரு?"

பேரு. அதைத் தொட்டுவிட்டார். என் வாய் என்னைக் கேட்காமல் திறந்துகொண்டது.

"மெஷின்ல ஒரு குறையும் இல்லம்மா. அது நாப்பத்திரண்டுல நிக்கிற மெஷின். உக்கார்ற ஆளு என்ன ஓட்டறாருன்னு கேளுங்க. சாப்பாட்டு நேரத்துல எழுபத்தொண்ணு காட்டுது. சும்மா கெடக்கிற மெஷின் இப்படிச் சுடாது."

ரத்தம் எடுக்கிற பெண், எல்லோரும் செல்லமாகக் 'கொசு' என்று கூப்பிடுகிறவள், ஊசியோடு அப்படியே நின்றாள்.

மாமா எழுந்தார். "நான் ஒண்ணும் ஆடல மாப்பிள்ளை."

ஆட்டம் என்ற வார்த்தையை நான் சொல்லவே இல்லை. அவரே சொன்னார். அதைக்கூட அப்போது நான் சாட்சியாக எடுத்துக்கொண்டேன்.

"அப்ப அந்த ஃபேன் எதுக்கு மாமா? மெஷினுக்கு விசிறி வீசினீங்களே, அது எதுக்கு?"

மாமா என்னையே பார்த்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். டாக்டரம்மாவைப் பார்த்தார், பெஞ்சில் இருந்தவர்களைப் பார்த்தார், திரும்ப என்னைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

"நீங்க வீட்டுக்குப் போங்க. நான் சொல்லி அனுப்பறேன்" என்றார் டாக்டரம்மா.

மாமா சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு, நாற்காலியை மேஜைக்குள் தள்ளிச் சரியாக வைத்துவிட்டுப் போனார். டப்பா இன்னும் திறக்கப்படவே இல்லை.

சாயங்காலம் அக்கா போன் பண்ணினாள். "அவரு ஆடினதை நீ கண்ணால பார்த்தியா?"

"சூடு பொய் சொல்லாதுக்கா."

"சூடு பேசுமாடா? பேசினது நீ" என்று வைத்துவிட்டாள்.

எட்டு நாள் போனது. ஒன்பதாம் நாள் டாக்டரம்மா போன் பண்ணினார். குரலில் கோபம் இல்லை, அதுதான் என்னை உலுக்கியது. "தம்பி, ஆளு போயி ஒரு வாரத்துக்கு மேல ஆச்சு. சூடு மட்டும் போக மாட்டேங்குதே?"

கருவிப் பையோடு ஓடினேன். மாமா நாற்காலியில் இப்போது கொசுதான் இடையிடையே வந்து உட்கார்ந்து ரிப்போர்ட் அடித்துக்கொண்டிருந்தாள். அவளை எழுப்பிவிட்டு, எதையும் ஓட்டாமல் பத்து நிமிஷம் பார்த்தேன். எழுபது. பெட்டியைத் திறந்து தூசி ஊதினேன். சில்லின் மேல் சூட்டைக் கடத்துவதற்காகத் தடவியிருந்த பழைய பசையை வழித்துப் புதுப் பசை தடவினேன். அறுபத்தொன்பது. ஃபேனையே மாற்றினேன். எழுபது.

"நாப்பத்திரண்டு அண்ணே, பேரை மாத்தி வெச்சிடலாமா?" என்றாள் கொசு. வழக்கமாக அவள் கேலிக்குத் திருப்பிக் கொடுப்பேன். அன்றைக்குத் திருப்புளியைத் தேடுகிற மாதிரி பைக்குள் குனிந்துகொண்டேன்.

கடைசியில், முதலில் செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். படம் காட்டுகிற அந்த மூலையை யார் பிடித்து வேலை வாங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்று காட்டும் பட்டியலைத் திறந்தேன். அதில் ஒரே ஒரு பெயர் இருந்தது. என் காவல்காரன்.

அந்தக் கண்ணாடி விரிப்பு! எண்ணையும் கோட்டையும்தான் நான் அழித்திருந்தேன், விரிப்பு அப்படியே இருந்தது. அதில் வரைவதற்கு எதுவும் இல்லாவிட்டாலும், அந்த ஒன்றுமில்லாததைத் திரை முழுக்க வினாடிக்கு அறுபது தடவை அந்த மூலை வரைந்துகொண்டே இருந்தது. ஒரு நொடி கண்ணயர விடவில்லை. மாமாவைச் சந்தேகப்பட்டு நான் வைத்த காவலே சூட்டை உண்டாக்கி, அந்தச் சூட்டையே சாட்சி என்று என் கையில் கொடுத்திருக்கிறது. மற்ற மூன்று மெஷின்கள் ஏன் குளிர்ந்து கிடந்தன? அவற்றில் நான் யாரையும் சந்தேகப்படவில்லை.

நிரலை அழித்தேன். அறுபத்துநாலு, ஐம்பத்தைந்து, நாற்பத்தெட்டு. நாற்பத்திரண்டில் வந்து நின்றது. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள். நான் வைத்ததோ அக்கா வீட்டுக்கு. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"சரியாயிடுச்சா? என்னவாம்?" என்று டாக்டரம்மா உள்ளேயிருந்து வந்தார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "தூசிம்மா" என்றேன்.

"அப்போ உங்க மாமா?"

"அது... அது வேறம்மா."

சொல்லிவிட்டேன். முதல் தடவை தெரியாமல் செய்தது. இது தெரிந்தே செய்தது. கொசு என் முகத்தையும், நான் துடைத்துப் போட்ட காகிதத்தில் ஒரு கரண்டிகூடத் தேறாத தூசியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

இரண்டு நாள் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். 'நாற்பத்திரண்டு' என்று யாராவது கூப்பிட்டால் முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. மூன்றாம் நாள் சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்த அக்கா, வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. கதவை விட்டுவிட்டு உள்ளே நடந்தாள். மாமா கூடத்தில் உட்கார்ந்து துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார்.

"மாமா, நீங்க எதுவும் பண்ணல" என்றேன்.

"அது எனக்குத் தெரியுமே" என்றார் மாமா.

எல்லாவற்றையும் கொட்டினேன். காவல்காரன், விரிப்பு, தூசி என்று சொன்ன பொய் வரைக்கும். அவருக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. கடைசியில், "அப்ப சேர்ந்த மூணாம் நாளே நீ என்னை நம்பல" என்றார். அது மட்டும் நன்றாகப் புரிந்திருந்தது.

அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்துக் கேட்டேன். "ஃபேனை ஏன் மாமா அந்தப் பக்கம் திருப்பி வெச்சீங்க? அதை மட்டும் சொல்லுங்க."

மாமா ஒரு தலையணை உறையை நாலாக மடித்தார். "பொட்டி கொதிச்சுதுப்பா. கை வைக்க முடியல. அந்த ரத்தம் எடுக்கிற பொண்ணு ஒருநாள் கேட்டுது, 'இதை யாரு பார்த்துக்கறா, இப்படிச் சுடுது'ன்னு. டாக்டரம்மா காதுல விழுந்தா உன்னைத்தானே குறை சொல்லுவாங்க? எனக்கு வேலை வாங்கிக் குடுத்தவன் நீ. அரை மணி நேரம் நான் வேர்த்தா என்ன கொறைஞ்சு போச்சு, பொட்டி ஆறட்டும்னு திருப்பி வெச்சேன்."

"அதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே மாமா!"

"அத்தனை பேர் முன்னாடியா? உன் வேலை சரியில்லன்னு என் வாயாலயா?"

நான் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அழுகை வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதுகூட வரவில்லை. வெட்கம் மட்டும்தான் இருந்தது.

அக்கா சமையலறை வாசலில் வந்து நின்றாள். "சொன்னது எங்க வெச்சு? அங்கயே போய், அத்தனை பேர் முன்னாடி அந்தப் பழியை எடுத்துட்டு வா. இங்க வந்து தரையைப் பார்த்துப் பேசினா ஆச்சா?"

"விடுடி. அவன் பொழப்பு கெட்டுடும்" என்றார் மாமா.

"உங்க பொழப்பு? அது கெட்டா பரவாயில்லையா?"

மாமா அடுத்த துணியை எடுத்தார்.

மறுநாள் காலை கூட்டம் நிறைந்திருக்கும் நேரமாகப் பார்த்துப் போனேன். முன்னறையின் நடுவில் நின்று, "டாக்டரம்மா, ஒரு நிமிஷம் வெளிய வாங்க" என்றேன். குரல் கம்மியது. அன்றைக்கு மாமாவைக் காட்டிக் கொடுக்கும்போது எவ்வளவு கணீரென்று வந்தது!

சொன்னேன். எங்க மாமா விளையாடல, ஒரு தப்பும் பண்ணல, நான் ரகசியமா வெச்ச நிரல்தான் மெஷினைச் சூடாக்கினது, அதைக் காட்டி அவர் மேல பழி போட்டேன். பெஞ்சிலிருந்த ஒரு அம்மாள் பக்கத்தில் இருந்தவரிடம், "யாரு? யாரைச் சொல்றாரு?" என்று கேட்டார். அன்றைக்கு இருந்தவர்களில் இப்போது இருந்தது கொசுவும் டாக்டரம்மாவும் மட்டும்தான். மற்ற முகங்கள் எல்லாம் புதிது. அன்றைக்குக் கேட்ட அந்தக் கிழவர் இதை எப்போது கேட்பார்? அவர் எந்த வீட்டில், யாரிடம், "லேப்ல ஒருத்தன் மாட்டினான்" என்று சொல்லிக்கொண்டிருப்பார்? அதையெல்லாம் நான் எங்கே போய் எடுப்பேன்?

"அன்னைக்குத் தூசின்னீங்களே?" என்றார் டாக்டரம்மா.

"பொய்ங்கம்மா."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "மாமாவை நாளைக்கே வரச் சொல்லுங்க. நிரந்தரம்னே சொல்லிடுங்க. மெஷினை இனிமே வேற ஆளு பார்த்துக்கட்டும்." நியாயம்தான். கும்பிட்டுவிட்டு வந்தேன்.

மாமா வேலைக்குப் போகிறார். என்னிடம் முன்பு போலத்தான் பேசுகிறார், அதுதான் தாங்க முடியவில்லை. திட்டித் தொலைத்தால் ஆறுதலாக இருக்கும்.

போன வாரம் கொசு ஒரு சார்ஜரைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தாள். பிரித்துப் பார்த்துக்கொண்டே, எங்கேயோ பார்க்கிற மாதிரி, "மாமா எப்படி இருக்காரு?" என்று கேட்டேன்.

"நல்லா இருக்காருண்ணே. மெஷினும் பறக்குது. ஆனா ஒண்ணு. மத்தியானம் ஒரு மணி ஆச்சுன்னா மெஷினை அணைச்சிடறாரு. டப்பாவை எடுத்துக்கிட்டு முன்னாடி போயி, டெஸ்ட்டுக்கு வந்தவங்க உக்காந்திருக்கிற பெஞ்சுல ஓரமா உக்காந்து சாப்பிடறாரு. உள்ள வாங்க மாமா, காத்து வரும்னு கூப்பிட்டுப் பார்த்துட்டேன்."

"என்ன சொல்றாரு?"

"'வேணாம்மா, எல்லாரும் பார்க்கிற எடத்துலயே இருந்துக்கறேன்'ங்கறாரு."